எடுங்கண்ணே, விடுங்கண்ணே: ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரு கயிற்று விபத்து

மே மாதக் கடைசி ஞாயிறு, காலை 9.40 மணி. கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைப் பக்கம், ஒரு தனியார் தோப்பின் பின்னால் இருக்கும் 18 மீட்டர் பாறையில் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண், உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருந்து சுமார் நாலு மீட்டர் விழுந்தார். கயிறு அறவில்லை. முடிச்சு அவிழவில்லை. மேலே கட்டியிருந்த பட்டைகள் அசையவில்லை. கீழே கயிறு பிடித்திருந்தவர் கவனமாகத்தான் நின்றிருந்தார். கேட்ட சொல்லுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தார். ஆனால் அவர் கேட்ட சொல் மேலிருந்து சொன்ன சொல் இல்லை.

பயிற்சியை நடத்தியவன் நான். சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் கேட்டுவிட்டு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

பின்னணி

நாங்கள் ஐந்து பேர். நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். சில ஆண்டுகளுக்கு முன்னால் உத்தரகாசியில் இருக்கும் நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவன். மற்ற நால்வரும் பாறைக்குப் புதியவர்கள். ஒருவர் நர்ஸ், வயது 29. இன்னொருவர் முப்பந்தல் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் டெக்னீஷியன், நர்ஸை விட இரண்டு வயது சின்னவர். மூன்றாவது ஒரு கல்லூரி மாணவி. நாலாவது அந்த மாணவியின் தாய்மாமன். இருபது வருடம் பனையேறியவர், இப்போது தென்னை மட்டும் ஏறுகிறார், வயது 46. இமயமலையை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. மருமகள் போகிறாள் என்றதும் அவரும் வந்துவிட்டார்.

ஜூன் மாதம் மணாலி போய், அங்கே ஒரு வழிகாட்டியுடன் நாலு நாள் ஸ்போர்ட் கிளைம்பிங் செய்வதுதான் திட்டம். பாறையில் முன்கூட்டியே துளை போட்டு அடித்த இரும்பு ஆணிகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறுவதை அப்படிச் சொல்கிறார்கள். புதியவர்களுக்கு அதிலும் எளிய வகை டாப் ரோப். கயிறு ஏற்கெனவே உச்சி வழியாக ஓடிக் கீழே வந்திருக்கும். ஒரு முனை ஏறுபவரின் இடுப்பில், மறுபக்கம் கீழே நிற்பவரின் கையில். ஏற ஏறக் கீழே இருப்பவர் தளர்வை இழுத்துக்கொண்டே வருவார். ஒழுங்காகச் செய்தால் ஏறுபவர் கை விட்டாலும் கயிறு நீளும் கொஞ்ச தூரத்துக்கு மேல் விழ மாட்டார். ஆல்ப்ஸில் ஷாமொனி ஊரையொட்டி கையாண் என்று ஒரு பாறை இருக்கிறது. மோன் பிளாங்கின் பனியைப் பார்த்துக்கொண்டே பள்ளிப் பிள்ளைகள் முதன்முதலாகக் கயிறு கட்டி ஏறுகிற இடம் அது. அதைக் காட்டித்தான் நான் இவர்களை இழுத்தேன். பயப்பட ஒன்றுமில்லை, சின்னப் பிள்ளைகளே ஏறுகிறார்கள் என்றேன். அந்தப் பேச்சில் தப்பு இல்லை. அங்கே அந்தப் பிள்ளைகளுக்குக் கயிறு பிடிப்பது யார், எந்த மொழியில் கத்துகிறார்கள் என்று மட்டும் நான் யோசித்திருக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் பயிற்சி. கட்டளைச் சொற்களை முதல் நாளே முடிவு செய்தோம். உத்தரகாசியில் நான் கற்றது ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்த சொற்கள். நம் ஊரில் எதற்கு அது என்று தமிழாக்கினேன். தளர்வை இழுக்க ‘எடு’. கயிறு தர ‘விடு’. கீழே இறக்க ‘இறக்கு’. சின்னச் சொற்கள், எல்லோருக்கும் புரியும். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாறையும் காற்றும்

மாவட்டத்தின் மலைகள் பெரும்பாலும் வனத்துறையின் கையில் இருக்கின்றன, நினைத்த இடத்தில் கயிறு கட்ட முடியாது. மருத்துவாழ்மலையில் எப்போதும் ஆள் நடமாட்டம். அதனால் பட்டா நிலத்துப் பாறையைத் தேடி, தோப்புக்காரரிடம் கேட்டு, இந்த இடத்தைப் பிடித்தோம். ஆணி எதுவும் அடிக்கவில்லை. கடல் காற்று படும் பாறைகளில் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஆணிகூட வெளியே தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் விட்டு முறிந்திருக்கிறது. தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில் அதனால்தான் டைட்டானியம் ஆணிக்கு மாறினார்கள். எங்களுக்கு அந்தச் செலவும் கட்டாது, அறிவும் போதாது. உச்சியில் இருந்த ஒரு பெரிய உருண்டைக் கல்லைச் சுற்றி இரண்டு பட்டைகள் போட்டு அதில் கயிற்றை ஓட்டினோம். தேனடை இருக்கிறதா என்று ஒவ்வொரு வாரமும் பார்த்தோம். மலைத்தேனீ விரட்டினால் கயிற்றில் தொங்குபவருக்கு ஓட வழி கிடையாது.

இரண்டு குறைகள் இருந்தன. உருண்டைக் கல் நேர் மேலே இல்லை, ஏறும் வழிக்கு இரண்டு மீட்டர் வலப்பக்கம். அதனால் மேலே போகப் போகக் கயிறு ஆளை வலது பக்கமாக இழுக்கும். இன்னொன்று, 11 மீட்டர் உயரத்தில் பாறைக்குத் தொப்பை. அதைத் தாண்டினால் கீழே இருப்பவர் கண்ணுக்கு ஏறுபவர் தெரியமாட்டார். இரண்டும் எனக்குத் தெரியும். ஏழு வாரம் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு வாசல் மாதிரி திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நெருங்கிக்கொண்டு வேகமெடுத்து வெளியே வரும். முப்பந்தலில் சுமார் 1,500 மெகாவாட் அளவுக்குக் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அதற்காகத்தான். ஏப்ரலில் இதம். மே கடைசியில் துணி காயப்போட்டால் அடுத்த ஊரில் போய்த் தேட வேண்டும்.

அன்று காலையில் எடுத்த முடிவுகள்

அன்று காற்று இருந்தது. வண்டியை நிறுத்தியதுமே டெக்னீஷியன் என்னிடம், “சார், இன்னைக்கு டவர் மேல ஏற எங்களுக்கு பெர்மிஷன் கிடைக்குமான்னு சந்தேகம்தான்” என்றார். காற்று இன்ன வேகத்துக்கு மேல் போனால் ஆள் மேலே போகக் கூடாது என்று அவருடைய வேலையிடத்தில் ஒரு எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எங்களிடம் அப்படி எந்த எண்ணும் இல்லை.

ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. நர்ஸுக்கு அடுத்த இரண்டு ஞாயிறும் டியூட்டி. இன்று விட்டால் அவருக்குப் பயிற்சி இல்லை. பாறையடிக்குப் போய்ப் பார்த்தேன். கிழக்கு பார்த்த முகம் அது, அடியில் காற்று அவ்வளவாக இல்லை. சரி, ஏறலாம் என்றேன். அடியில் நின்றுகொண்டு முடிவு செய்தேன், உச்சிக்குப் போய்ப் பார்க்கவில்லை. அந்த நாளின் முதல் தப்பு அதுதான்.

கயிறு பிடிக்கப் பனையேறி அண்ணனை நிறுத்தினேன். எல்லோரிலும் நிதானமானவர் அவர்தான். ஏழு வாரத்தில் ஒருமுறைகூட அவருடைய பிடிக்கும் கை கயிற்றை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த முடிவில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. எட்டு வடிவ முடிச்சு, ஹார்னஸ் என்கிற இடுப்புப் பட்டை, காரபினர் என்கிற கொக்கி வளையத்தின் பூட்டு எல்லாம் இருவரும் ஒருவருக்கொருவர் சரிபார்த்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு பக்கத்தில் போய், அடுத்து ஏறவேண்டிய மாணவிக்கு ஹார்னஸ் மாட்டிவிடத் திரும்பிக்கொண்டேன்.

விழுந்தது

தொப்பை வரை நர்ஸ் நன்றாக ஏறினார். தாண்டியதும் கயிறு வலப்பக்கம் இழுத்தது. இடது காலை மாற்றிவைக்கக் கொஞ்சம் தளர்வு வேண்டும். “விடுங்கண்ணே” என்றார். அண்ணன் விட்டார். இன்னும் ஒரு மீட்டர் போனதும் மறுபடி அதே. விட்டார். இரண்டும் சரியான கேள்வி, சரியான பதில்.

16 மீட்டரில் இரண்டு கையும் ஒரு விளிம்பைப் பிடித்திருக்க, கால் நடுங்கத் தொடங்கியது. இப்போது கயிற்றில் உட்கார வேண்டும். “எடுங்கண்ணே” என்றார்.

அந்த உயரத்தில் காற்று மேற்கிலிருந்து பாறை முகட்டைத் தாண்டி வந்து விழுகிறது. கீழே தோப்பின் ஓரத்தில் வரிசையாகப் பனை. காய்ந்த ஓலை ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், யாரோ தகரக் கூரையில் கல் வாரி எறிவது மாதிரி இருக்கும். அதற்குள் அண்ணன் காதில் விழுந்தது ‘டுங்கண்ணே’ மட்டும். சற்று முன் இரண்டு தடவை ‘விடுங்கண்ணே’ வந்திருக்கிறது. மூன்றாவதும் அதுதான் என்று ஒரு கை நீளம் விட்டார்.

இடுப்பில் கயிறு தளர்வது நர்ஸுக்குத் தெரிந்தது. பயந்துபோய் இன்னும் சத்தமாக, “எடுங்கண்ணே! எடுங்கண்ணே!” என்று கத்தினார். பிள்ளை அவசரமாகக் கேட்கிறதே என்று அண்ணன் இன்னும் வேகமாக விட்டார். அவர் கத்தக் கத்த இவர் விட்டார். இந்த விபத்தில் என்னை இன்னும் தூங்கவிடாத இடம் இதுதான். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. பக்கிள் மாட்டிக்கொண்டே ‘டுங்கண்ணே’ என்பதைக் கேட்டேன், ஒன்றும் தோன்றவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கால் வழுக்கியது. விட்டிருந்த தளர்வு இரண்டரை மீட்டர் இருக்கலாம். கயிறும் நீண்டது. ஏறும் கயிறு அதிர்ச்சி தாங்குவதற்காக நீளும்படி செய்யப்பட்டது. 80 கிலோவைச் சும்மா தொங்கவிட்டாலே பத்து சதவீதம் வரை நீளலாம் என்று ஐரோப்பியத் தரநிலை அனுமதிக்கிறது. எங்கள் கயிறு அன்று ஒன்றரை மீட்டர் கொடுத்திருக்கும். மொத்தம் நாலு. விழும்போதே உருண்டைக் கல்லின் பக்கம், வலது புறமாக ஊசலாடிப் போய்த் தொப்பையின் மேல் விளிம்பில் வலது கணுக்கால் மோதியது. அண்ணனின் கை கயிற்றை விடவில்லை. அவர் பிடித்ததனால்தான் நாலோடு நின்றது.

இறக்கியதும் அதற்குப் பிறகும்

மேலிருந்து முதலில் வந்த குரல் நர்ஸுடையது. “நான் நல்லாருக்கேன், கால் மட்டும்.” தலை, கழுத்து, முதுகு ஒவ்வொன்றாகக் கேட்டேன், வலி இல்லை என்றார். ஹெல்மெட்டில் கீறலும் இல்லை. மேலே இழுப்பதை விட இறக்குவதுதான் எளிது. அண்ணன் கையை நான் மேலே பற்றிக்கொள்ள, இரண்டு பேருமாக இஞ்சு இஞ்சாக இறக்கினோம். பாறையில் மோதாமல் இருக்க அவர் நல்ல காலால் உதைத்துக்கொண்டே வந்தார்.

தரைக்கு வந்ததும் முதலுதவியை அவரே நடத்தினார். வீங்கும் முன்னால் ஷூவைக் கழற்றச் சொன்னார். பாறையில் ஏறும் ஷூ விரல் மடங்கும்படி இறுக்கமானது, வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கால் நகத்தை அழுத்தி, நிறம் திரும்பி வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். வந்தது. நாங்கள் விரித்திருந்த யோகா பாயைச் சுற்றி, இரண்டு பக்கமும் பனைமட்டையை வைத்துத் துண்டால் கட்டினோம். தோப்புக் காவல் குடிசையில் ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது, அதில் படுக்கவைத்து மண் ரோடு வரை தூக்கிப்போய் லோடு ஆட்டோவில் ஏற்றினோம்.

108ஐ அழைக்கவில்லை. அவரே நர்ஸ், வேண்டாம் என்றார், நானும் சரி என்றேன். இதை இன்று செய்ய மாட்டேன். அடிபட்டவர் எவ்வளவு விவரம் தெரிந்தவராக இருந்தாலும், நாலு மீட்டர் விழுந்து பாறையில் மோதிய உடம்பைப் பற்றி முடிவு செய்வது அவர் பொறுப்பில் விடவேண்டிய விஷயம் இல்லை.

எக்ஸ்ரேயில் கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் விரிசல். எலும்பு விலகவில்லை, ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என்னிடம் மூன்று தடவை சொன்னார். “நான் விடுன்னுதான் கேட்டேன் தம்பி.” உள்ளே போனால் நர்ஸ், “நான் எடுன்னுதான் சார் சொன்னேன், அண்ணன்கிட்ட சண்டைக்கு நிக்காதீங்க” என்கிறார். அவருடைய அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, “காத்துக் காலத்துல பாறையில என்ன வெளாட்டு?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுபடி அதே இடத்தில்

நாலு நாள் கழித்து, காற்று அதே மாதிரி இருந்த ஒரு மாலையில், நாங்கள் மூன்று பேர் பாறைக்குத் திரும்பிப் போனோம். ஏறவில்லை. மாணவி நடைபாதை வழியாக உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். டெக்னீஷியன் கீழே பாறைக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு தாளில் இருபது சொற்களை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தேன், அவள் ஒவ்வொன்றாகக் கத்த, இவர் கேட்டதை எழுதினார். ‘எடுங்கண்ணே’, ‘விடுங்கண்ணே’ என்று கத்தியதில் இருபதுக்கு ஏழு தப்பு. வெறும் ‘எடு’, ‘விடு’ என்றபோது தப்பு மூன்றாகக் குறைந்தது.

அங்கேதான் எனக்கு உறைத்தது. முதல் நாள் பயிற்சியில் நாங்கள் பழகியது ‘எடு’, ‘விடு’. ஆனால் 29 வயதுப் பெண் 46 வயது ஆளைப் பார்த்து ‘எடு’ என்று சொல்ல மாட்டார். நம் வாயில் வராது. பதற்றத்தில் மரியாதை குறையும் என்று நினைப்போம், குறையவில்லை, கூடியது. ‘ங்கண்ணே’ என்கிற நீளமான ஒரேமாதிரி வாலுக்கு முன்னால், வித்தியாசம் காட்டும் எழுத்து ஒன்றே ஒன்று, அதுவும் சொல்லின் தொடக்கத்தில். கேட்பவர் காதைத் திருப்பும் முன் அது போய்விடுகிறது.

ஆங்கிலத்தில் ஏறுகிறவர்களுக்கும் இதுபோல ஒரு பாடம் உண்டு. தளர்வை இழு என்பதற்கு ‘டேக் இன்’ என்றே நிறுத்த வேண்டும், ‘டேக் இன் ஸ்லாக்’ என்று சொல்லக் கூடாது. காற்றில் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தால் ‘ஸ்லாக்’, அதாவது தளர்வு தா என்று அர்த்தமாகிவிடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விதியை மனப்பாடமாக வைத்திருந்தேன், அதற்கான காரணத்தைத் தமிழுக்குக் கொண்டுவரவில்லை. சொற்களைப் பொருளுக்காகப் பொறுக்கினேன், காதுக்காகப் பொறுக்கவில்லை.

கீழே நிற்பவர் இடுப்பில் மாட்டிக் கயிறு பிடிக்கும் கருவியை மாற்றினால் போதுமே என்று ஒரு நண்பர் சொன்னார். நாங்கள் பயன்படுத்தியது சாதாரணக் குழாய் வகைக் கருவி. தானாகப் பூட்டிக்கொள்ளும் க்ரிக்ரி வகை நல்லதுதான், வாங்கியும்விட்டோம். ஆனால் அன்று அது இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அது ஓடும் கயிற்றைப் பிடிக்கும். தெரிந்தே விட்ட இரண்டரை மீட்டரைத் திரும்ப வாங்கித் தராது.

சொல் தேடியது

‘எடு’க்குப் பதில் ‘இறுக்கு’ என்று வைக்கலாம் என்றேன். மாணவி சிரித்துவிட்டாள். “சார், அப்போ ‘இறக்கு’?” ஒரே ஒரு உகரம்தான் வித்தியாசம். ஒன்று பிடித்து நிறுத்தச் சொல்வது, மற்றது கீழே விடச் சொல்வது. பழையதை விட மோசம்.

கட்டுப் போட்ட காலோடு நர்ஸ் போனில் ஒரு யோசனை சொன்னார். அவர் கடற்கரை ஊர்க்காரர், கரைமடி இழுக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர். ‘வலி’ என்றால் நம் பக்கத்தில் இழு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாறையில் ஒருத்தி ‘வலி’ என்று கத்தினால் எங்கே வலிக்கிறது என்றுதான் மனது போகும். அதுவும் சரிவரவில்லை.

கடைசியில் டெக்னீஷியன்தான், “டவர்ல நாங்க டைட், லூஸ்னுதான் சார் சொல்லுவோம்” என்றார். எனக்கு ஏமாற்றம்தான், தமிழ்ச் சொல்லாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன். ஆனால் காதுக்கு அது சரியாக இருந்தது. ஒன்றில் ‘ஐ’, மற்றதில் நீண்ட ‘ஊ’. வாயைத் திறக்கும் விதமே வேறு. முக்கியமாக, ‘டைட்’டுக்குப் பின்னால் ‘ங்க’ ஒட்டாது, அண்ணனிடமும் சொல்லலாம், தம்பியிடமும் சொல்லலாம். மரியாதைக் குறைவாகவும் தோன்றாது. ‘லூஸ்’ என்றதும் முதல் இரண்டு தடவை எல்லோரும் சிரித்தார்கள், யாரைச் சொல்கிறாய் என்று. அப்புறம் பழகிவிட்டது. இறக்குவதற்கு ‘கீழே’. மறுபடி அதே காற்றில், அதே இருபது சொல், தப்பு ஒன்றுமில்லை.

சொல்லை மாற்றியதோடு நிற்கவில்லை. கீழே இருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும். சந்தேகம் வந்தால் இழுக்க வேண்டும், ஒருபோதும் விடக் கூடாது. டாப் ரோப்பில் தேவையில்லாமல் இழுத்தால் ஏறுபவருக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். உருண்டைக் கல்லோடு கயிறு கட்ட இன்னொரு பிடிமானத்தையும் சேர்த்துக் கயிற்றை ஏறும் வழிக்கு நேர் மேலே கொண்டுவந்தோம். தளர்வு கேட்க வேண்டிய அவசியமே அதனால் பெரும்பாலும் போய்விட்டது. உண்மையில் முதலில் செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

மணாலியில்

பயணத்தை விட்டுவிடலாமா என்று பேசினோம். போய்த்தான் ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நர்ஸ். அவர் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிட்டு, ஜூன் மூன்றாவது வாரம் நாலு பேர் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினோம். டெல்லியில் இறங்கி, அங்கிருந்து பஸ்.

மணாலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர். காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். முதல் நாள் சும்மா நடந்தோம். பாறை 20 மீட்டர் சொச்சம், ஆணிகள் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக நெருக்கமாக அடித்திருந்தது, பிரெஞ்சு அளவில் 4, 5 என்கிற எளிய வழிகள். வழிகாட்டி முதலில் ஏறி மேலே கயிறு மாட்டித் தருவார். காலையில் நிழலில் இருக்கும் கல் விரலை மரக்கவைத்தது, தோவாளையில் சூட்டில் வியர்த்து வழுக்கும் கைகளுக்கு அது புது அனுபவம். இன்னொன்றும் புதிது. அங்கே கல்லிடுக்கில் புகுந்த தண்ணீர் குளிர் மாதங்களில் இரவில் உறைந்து பகலில் உருகி, கற்களைத் தளர்த்திவிடுகிறது. அதனால் ஏறாமல் அடியில் நிற்பவர்களும் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது என்றார் வழிகாட்டி. நம் பாறைகளில் உறைபனி கிடையாது, நாங்கள் கீழே இருக்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றித்தான் வைப்போம். மதியம் மேகம் கட்டும் முன் இறங்கிவிட வேண்டும் என்பதிலும் அவர் கறார்.

காற்று இல்லை என்று நினைத்தோம். காற்றுக்குப் பதில் ஆறு. பனி உருகி ஓடும் ஆற்றின் இரைச்சல் நாள் முழுக்க ஒரே சீராக இருந்தது. பனையோலை கொஞ்சம் ஓயும், ஆறு ஓயாது. வழிகாட்டி பெரும்பாலும் கைச்சைகையிலேயே காரியத்தை முடித்தார். ஆனால் மூன்றாம் நாள் ஒரு வழி மூலை திரும்பி மறைந்தது. மாணவி மேலே, டெக்னீஷியன் கீழே. மேலிருந்து ‘டைட்’. கீழிருந்து ‘டைட்’. கயிறு இறுகியது. ‘கீழே’ என்ற பிறகும் அவர் உடனே இறக்கவில்லை, அவள் எடை கயிற்றில் முழுசாக விழுந்ததை உறுதி செய்துகொண்டு இறக்கினார். வழிகாட்டி, இது என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன்.

பனையேறி அண்ணன் அங்கே எல்லா வழியிலும் ஏறினார். புதியவர்கள் கையால் தொங்குவார்கள், அவர் காலை நம்பி நிற்பார். பனையேறக் காலில் மாட்டும் தளைநாரைப் போட்டு நின்று பழகிய கால் அது. வழிகாட்டி இரண்டு முறை அவர் பாதத்தைப் படம் எடுத்துக்கொண்டார். கயிறு பிடிக்கச் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டிவிட்டு அப்பால் போய்ப் பனிமலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இப்போது

எங்களுக்கும் ஒரு காற்று அளவு இருக்கிறது, ஆனால் அது எண் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் யாரும் ஏறும் முன் ஒருவர் உச்சிக்கு நடந்து போய்ப் பத்துச் சொல் கத்துவார். கீழே இருப்பவர் முதுகைக் காட்டி நின்று திருப்பிச் சொல்வார். ஒன்று தப்பினாலும் அன்று கயிற்றைப் பையை விட்டு எடுப்பதில்லை. அதனால் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை எங்களுக்குக் கிட்டத்தட்ட லீவுதான். கயிறு பிடிப்பவர் கண்ணுக்கு ஏறுபவர் மறைகிற வழியில் மூன்றாவது ஆள் ஒருவர் இருவரையும் பார்க்கும் இடத்தில் நிற்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது, யாருக்கும் பக்கிள் மாட்டிவிடக் கூடாது. அது எனக்காக நானே எழுதிக்கொண்ட விதி.

செய்யாமல் விட்டதும் இருக்கிறது. மண் ரோடு வரை ஆளைத் தூக்கிப்போக ஒழுங்கான ஸ்ட்ரெச்சர் இன்னும் வாங்கவில்லை, இப்போதும் காவல்காரர் கட்டிலைத்தான் நம்பியிருக்கிறோம்.

தை மாதம், காற்று அடங்கிய ஒரு காலையில் நர்ஸ் திரும்பி வந்தார். அதே வழியைத்தான் கேட்டார். டெக்னீஷியன் கயிறு பிடித்தார். அண்ணன் உச்சியில் உருண்டைக் கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். 16 மீட்டரில் நர்ஸ் ‘டைட்’ என்றார். அமைதியான காலை, எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இருந்தும் அண்ணன் மேலிருந்து எட்டிப் பார்த்து அதையே கீழே ஒரு தடவை கத்தினார். கயிறு இறுகியதைப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இன்று வரை அவர் கயிறு பிடிக்க வருவதில்லை, நாங்களும் கூப்பிடுவதில்லை.